கம்பியில்லா வலையின் நாடித்துடிப்பு

நாடி பிடித்து நோயின் தன்மையை உரைப்பது நம் நாட்டு வைத்திய முறை. கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலைகளுக்கும் ஒரு நாடி உண்டு. அதனைப் பார்க்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

உதவித்தொகை விண்ணப்பம், தேர்வாணைய விண்ணப்பம், தேர்வு முடிவு ஆகிய யாவும் இன்று இணையவழியே நடைபெறுகின்றன. மாரண்டஅள்ளியிலிருந்தோ பஞ்சப்பள்ளியிலிருந்தோ நம் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், கடைசி நாளன்று வீட்டிலிருந்து விண்ணப்பிக்க முயல்வதாகக் கொள்வோம். திரையின் மூலையில் வைஃபை கோடுகள் நிறைந்து நிற்கின்றன. பக்கமோ திறக்க மறுக்கிறது. குறை வீட்டிற்குள் உள்ளதா, வெளியே உள்ளதா? இதை அறியாவிடில் ஓராண்டு உதவித்தொகையே கைநழுவிப் போகலாம் அன்றோ?

கோடுகள் கூறாதவை

வைஃபை அலையின் வலிமையை டி.பி.எம். என்னும் அலகால் அளப்பர். ஒரு மில்லிவாட் திறனே இதில் சுழி. பத்து அலகு குறையுந்தோறும் திறன் பத்தில் ஒரு பங்காகும். எனவே -30 என்பது மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. -60 என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. -90 என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை நான்கு கோடுகளில் அடக்கினால் உண்மை மறைந்துபோவது இயல்பே.

விண்டோசு -50-ஐ நூறு விழுக்காடு என்றும், -100-ஐச் சுழி என்றும் கொள்கிறது. ஐம்பது விழுக்காடு என்றால் பாதி வலிமை என நாம் எண்ணுவோம். உண்மையில் அது -75. அதாவது -50-இன் திறனில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கே!

கட்டளை வரியில் காண்பது

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. பாஸ் போன்ற லினக்சு தளங்களின் கட்டளைத் திரையில் ‘ஐ.டபிள்யூ. டெவ் டபிள்யூலேன்0 லிங்க்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், ‘சிக்னல்’ என்ற வரியில் அந்த எண் தோன்றும். (‘டபிள்யூலேன்0’ என்னும் பெயர் கணினிக்குக் கணினி மாறலாம்.) கட்டளைக்கு முன் ‘வாட்ச்’ என்று சேர்த்தால் இரண்டு நொடிக்கொரு முறை எண் புதுப்பிக்கப்படும். விண்டோசில் ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்’ என்பது விழுக்காட்டைக் காட்டும்.

பொதுவாக -50 மிக நன்று. -65 வரை கவலையில்லை. -80-ஐத் தாண்டினால் தொடர்பு தள்ளாடும். கணினியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். இரும்பு பீரோவின் பின்னும் தடித்த சுவரின் மறைவிலும் எண் சரியும். மனித உடலில் உள்ள நீரும் 2.4 கிகாஹெர்ட்சு அலையை உறிஞ்சும்.

குறை எங்கே?

வலிமை மட்டும் போதாது. சந்தை இரைச்சலில் உரக்கப் பேசினாலும் கேட்பதில்லை. அதுபோல் அண்டை வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இடையூறு செய்யலாம். இதை அறிய உதவுவது ‘பிங்’ கட்டளை. ‘ஐ.பி. ரூட்’ எனத் தட்டினால் ‘வயா’ என்ற சொல்லை அடுத்து ரூட்டரின் முகவரி தெரியும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்தினால் கைப்பேசியே ரூட்டர். முதலில் அம்முகவரிக்குப் பிங் செய்க, பிறகு 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குச் செய்க.

ரூட்டரிடமிருந்தே மறுமொழி தவறினால் குறை வீட்டிற்குள். இடம் மாறி அமர்க, அல்லது ரூட்டரின் சானலை 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் இல்லாத ஒன்றிற்கு மாற்றுக. ரூட்டர் ஒழுங்காக விடையளித்து, வெளி முகவரி மட்டும் தடுமாறினால் குறை வெளியே. எத்தனை முறை இடம் மாறினாலும் பயனில்லை. ஹாட்ஸ்பாட்டாயின் கைப்பேசியைச் சன்னலோரம் வைத்துப் பார்க்கலாம். அதற்கும் பயனில்லையேல், தாமதிக்காமல் பேருந்தேறிப் பாலக்கோட்டில் உள்ள இணைய மையத்திற்குச் செல்வதே அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! இச்சோதனைக்கு ஐந்து நிமிடமும் ஆகாது. பணச் செலவும் இல்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்னரே ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டில் எந்த மூலை நல்ல மூலை என்பதை எண்ணே சொல்லிவிடும்.