கதவடைத்துச் சென்ற தீவு

உலக வரைபடத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். தென் துருவக் கண்டமான அண்டார்க்டிகாவிலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி ஒரு நிலத்துண்டு கைபோல் நீண்டிருக்கும். அதன் மேற்குக் கரையை ஒட்டி, அண்டார்க்டிக் வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது டெடாய் என்னும் சிறு தீவு. அங்கே ஆளற்ற மரவீடு ஒன்று நிற்கிறது. உள்ளே கம்பளி ஆடைகள் தொங்குகின்றன. அலமாரியில் உணவு டப்பாக்கள். வீட்டார் அவசரமாக எங்கோ புறப்பட்டுப் போனதுபோல் தோன்றும். உண்மையும் அதுதான்.

1956 பிப்ரவரியில் பிரிட்டன் அமைத்த ஆய்வுத்தளம் அது. வானிலையைக் குறித்து வைப்பது, உறைந்த கடலின்மீது நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் எதிர்க்கரைக்குச் சென்று நிலத்தை அளந்து வரைபடம் தயாரிப்பது ஆகியவை அங்கிருந்தோரின் பணிகள். ஆனால் கடற்பனி அவர்களை நம்பவைத்து ஏமாற்றியது. வண்டி ஓட்ட உறுதி வேண்டிய வேளைகளில் அது பலவீனமாய்க் கிடந்தது.

1959 மார்ச்சில் நிலைமை நேர்மாறாயிற்று. ஆட்களையும் பொருள்களையும் ஏற்றவந்த 'ஜான் பிஸ்கோ' கப்பலைப் பனி நெருங்கவிடவில்லை. பனியுடைக்கும் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு துணைக்கு வந்தும், சுமார் 30 மைலுக்கு அப்பாலேயே நிற்க வேண்டியதாயிற்று. இனி ஓராண்டுக்கு உணவோ மாற்று ஆட்களோ வர வழியில்லை. தளத்தை மூடிவிடுவதென முடிவாயிற்று.

எதை எடுப்பது, எதை விடுவது? நம் வீட்டில் இப்படியொரு நிலை வந்தால் எண்ணிப் பாருங்கள்! மிக முக்கியமானவற்றை மட்டும் வண்டிகளில் ஏற்றி, கதவடைத்து, உறைந்த கடல்மீது கப்பலை நோக்கிப் புறப்பட்டனர்.

அந்தக் குழப்பத்தில் ஸ்டீவ் என்ற நாய் ஓடிவிட்டது. காத்திருக்க நேரமில்லை. ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் நமக்குத்தான் கோடை. அங்கோ இருளும் குளிரும் இறுகும் காலம். அதற்குத் தீனியிட ஒருவருமில்லை. இறந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, 60 மைல் தொலைவிலுள்ள ஹார்ஸ்ஷூ தீவின் ஆய்வுத்தளத்திற்கு அது தன்னந்தனியே வந்து சேர்ந்தது!

எதைத் தின்றது, எவ்வழியே வந்தது என்பதை அதனிடம் கேட்கவா முடியும்?

வீடு மட்டும் அப்படியே நின்றது. 2009-இல் அது பாதுகாக்கப்பட வேண்டிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நாய்களுக்கோ அங்கு இனி இடமில்லை. 1991-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, 1994-க்குள் அண்டார்க்டிகாவின் கடைசி நாய்களும் வெளியேற்றப்பட்டன.