கயிற்றுக்கு முன்னே போகும் நூல்
மரத்தில் ஏறுபவர்களுக்கு எறிபையும் எறிநூலும் பற்றிய சில குறிப்புகள்

பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த வளவுக்குத் திரும்புகின்ற குடும்பம் முதலில் காண்பது மரங்களைத்தான். கூரை போயிருக்கும், கிணறு தூர்ந்திருக்கும். வேம்பும் புளியும் மாவும் மட்டும் எவருடைய கத்தியும் படாமல் ஓங்கி வளர்ந்திருக்கும். அவற்றின் பட்ட கொப்புகள் புதிதாகப் போட்ட தகரக் கொட்டிலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2008ஆம் ஆண்டு நவம்பரில் வடக்கை நனைத்த நிஷா புயலையும் கண்டவர்களுக்கு, மாரி தொடங்குமுன் அந்தக் கொப்புகளைத் தறிக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொந்த நிலம் இன்னும் கைக்கு வராதவர்களுக்கோ மரம் வேறு விதத்தில் முக்கியமானது. பிறர் வளவில் குழை வெட்டுவதும் கொப்புத் தறிப்பதும் அவர்களுக்கு நாட்கூலி. இந்த வேலையில் ஒருவர் விழுந்தால் விழுவது அவர் மட்டுமல்ல. முள்ளந்தண்டு முறிந்த ஒருவரை நம்பியிருந்த குடும்பம், ஏற்கெனவே இழந்தவற்றோடு உழைப்பையும் இழந்துவிடுகின்றது.

எம்மவர் பெரும்பாலும் வெறுங்கையோடு ஏறுவர். மேலே போனபின்தான் கயிற்றைக் கட்டுவர். மரம் ஏறுவதையே தொழிலாகப் பயின்ற பிறநாட்டவர் இதற்கு மாறாகச் செய்கின்றனர். கால் நிலத்தை விட்டு எழும்புமுன்னரே அவர்களின் கயிறு மேலேயுள்ள உறுதியான கவர் ஒன்றின்மீது கிடக்கின்றது. அந்தக் கயிற்றை அங்கே கொண்டுபோவது ஒரு சிறு பையும் ஒரு மெல்லிய நூலும் ஆகும். இந்தத் திறமை எவ்வளவு மதிக்கப்படுகின்றதென்றால், 1976இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் தொடங்கிய அனைத்துலக மரமேறும் போட்டியில் இன்று நூல் எறிவதும் ஒரு தனிப் போட்டியாக நடக்கின்றது.

பனைக்கும் தென்னைக்கும் இம்முறை பொருந்தாது. அவற்றில் கவர் இல்லை. தளைநாரோடு ஏறும் சீவல் தொழிலாளியின் முறை வேறு. நாம் இங்கே பேசுவது வேம்பு, புளி, மா, பாலை, மருது போன்ற, கொப்பும் கவரும் உள்ள மரங்களைப் பற்றியே.

எப்படி வேலை செய்கின்றது?

நூலின் நுனியில் பாரமான பையைக் கட்டி, தெரிந்தெடுத்த கவருக்கு மேலாக எறிகின்றோம். பை மறுபக்கத்தால் இறங்கி நிலத்துக்கு வருகின்றது. பையைக் கழற்றிவிட்டு, அந்த நுனியில் 11 தொடக்கம் 13 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏறுகயிற்றைக் கட்டி, மறுநுனியில் இருந்து இழுத்தால் கயிறு கவரைக் கடந்து கீழே வந்துவிடும். அவ்வளவுதான். ஆனால் பையின் பாரமும் நூலின் வகையும் பிழைத்தால், அரை மணி நேரம் எறிந்தும் பயன் கிடையாது.

பையின் பாரம்

கடைகளில் விற்கப்படும் எறிபைகள் பெரும்பாலும் 8 தொடக்கம் 16 அவுன்ஸ் வரையானவை. அதாவது ஏறக்குறைய 225 தொடக்கம் 450 கிராம் வரை. எதைத் தெரிவது என்பதற்கு இரண்டு விடயங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று, மேலே போக வேண்டும். மற்றது, கீழே வர வேண்டும். பலர் முதலாவதை மட்டுமே எண்ணுகின்றனர்.

இலேசான பை கைக்குச் சுகமானது, எளிதில் உயரப் போகும். ஆனால் கவரைக் கடந்தபின் நூலைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்க வேண்டியதும் அதே பைதான். வேம்பு, புளி போன்ற சொரசொரப்பான பட்டையின்மீது நூல் உரசும்போது, இலேசான பை பாதியில் தொங்கி நின்றுவிடும். பாரமான பை இறங்கும். ஆனால் எறிபவரின் தோள் விரைவில் களைத்துவிடும், குறியும் தவறும்.

ஆகவே பொதுவான வழிகாட்டல் இதுதான். பத்து மீற்றருக்கு உட்பட்ட உயரமும் மருது போன்ற வழுவழுப்பான பட்டையும் என்றால் 225 தொடக்கம் 280 கிராம் போதும். அதற்கு மேற்பட்ட உயரத்துக்கும், சொரசொரப்பான பட்டைக்கும், குழை அடர்ந்த மரத்துக்கும் 340 தொடக்கம் 400 கிராம் வேண்டும். ஒரேயொரு பைதான் வைத்திருக்க முடியுமென்றால் 340 கிராம் அளவானதை வைத்திருங்கள்.

வடிவமும் முக்கியம். ஒடுக்கமாகவும் நீளமாகவும், பாகற்காய் போன்ற வடிவில் உள்ள பை கவர்களுக்கிடையே வழுவிச் செல்லும். உருண்டையானது கொப்பில் பட்டுத் தெறிக்கும். கல்லையோ இரும்பு நட்டையோ கட்டி எறிவது எம்மவர் வழக்கம். அதைக் கைவிடுங்கள். கல் கட்டிலிருந்து கழன்று கீழே நிற்பவரின் தலையில் விழும். நட்டு கவரில் கொளுவி நிற்கும்.

நூலின் வகை

நூலில் பார்க்க வேண்டியவை தடிப்பு, வழுக்கும் தன்மை, இழுபடும் தன்மை, நீளம் என்பன. தொழில்முறை நூல்கள் பொதுவாக 1.7 தொடக்கம் 2.2 மில்லிமீற்றர் தடிப்பானவை. மெல்லிய நூல் பட்டையில் குறைவாக உரசும். ஆனால் எளிதில் சிக்குப்படும், இழுக்கும்போது கையையும் வெட்டும். பழகுபவருக்கு 2 மில்லிமீற்றரோ சற்றுக் கூடியதோ நல்லது.

இன்று சிறந்ததாகக் கருதப்படுவது டைனீமா எனப்படும் உயர்வலுப் பொலிஎத்திலீன் இழையால் பின்னிய நூல். அது வழுக்கும், தண்ணீரை உறிஞ்சாது, இழுத்தாலும் நீளாது. அதன் குறை, ஏறக்குறைய 150 பாகை செல்சியசில் உருகிவிடுவது. பாரத்தோடு வேகமாக உரசவிடக் கூடாது.

அது கிடைக்காத இடத்தில், மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் பின்னல் நூல் கேட்டு வாங்கலாம். முறுக்கு நூலைவிடப் பின்னல் நூல் மேலானது. முறுக்கு நூல் பாரம் தொங்கும்போது பிரிந்து சுழலும். நைலோன் நூல் றப்பர் போல இழுபடும். சிக்கிய பையை இழுக்கும்போது அது திடீரென விடுபட்டு முகத்துக்கு நேரே பாயக்கூடும். தங்கூசி இதற்கு அறவே ஆகாது. அது சுருண்ட வடிவத்தை விடாது, கையை வெட்டும், குழைக்குள் கண்ணுக்கும் தெரியாது. மஞ்சளோ செம்மஞ்சளோ ஆன நிறம் நல்லது.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. கவர் 15 மீற்றர் உயரமென்றால் ஏற 15, இறங்க 15, ஆக 30 மீற்றர். நின்று எறியும் தூரத்துக்கும் கையிருப்புக்கும் மேலும் 15 மீற்றர். எனவே 45 தொடக்கம் 50 மீற்றர் நூல் எமது வளவு மரங்களுக்குப் போதும்.

நூலைத் தடியிலோ போத்தலிலோ சுற்றி வைக்காதீர்கள். தூண்டில் கயிற்றை மீனவர் கூடைக்குள் இடுவதுபோல, கடகம் ஒன்றுக்குள் கைக்குக் கை தளர்வாக இட்டு வாருங்கள். ஓலை விளிம்பில் கொளுவாமல் இருக்கக் கடகத்துக்குள் ஒரு துணியை விரியுங்கள். எறியும்போது நூல் சிக்கின்றி மேலே போகும்.

வீட்டிலே செய்யும் பை

பழைய கன்வஸ் துணியில் இருவிரல் அகலத்தில் உறை தைத்து, உள்ளே இன்னொரு துணிப்பை வைத்து, இரட்டைத் தையல் போடுங்கள். மேல்நுனியில் ஒரு சிறு வளையத்தை உறுதியாகத் தைத்துவிடுங்கள். மணல் நிரப்பினால் 340 கிராமுக்கு ஒரு தேநீர்க் குவளையளவு இடம் பிடிக்கும், பை பருத்துவிடும். சைக்கிள் திருத்தும் கடையில் கழித்துவிடும் பழைய போல்ஸ் நிரப்பினால் அதில் மூன்றிலொரு பங்கு இடமே போதும். வலைக்கான ஈயக்குண்டு இன்னும் சிறிய இடத்தில் அடங்கும். ஆனால் ஈயம் நஞ்சு. பை கிழிந்தால் குண்டுகள் சிந்தும். பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தொட்டபின் சாப்பிடுமுன் கைகழுவுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாரத்துக்காகத் துப்பாக்கி ரவை, செல் துண்டு போன்ற யுத்த எச்சங்கள் எதையும் பொறுக்கவோ உடைக்கவோ வேண்டாம்.

எறியும் முறை

பையின் வளையத்தினூடாக நூலை இரட்டையாக மடித்துப் பிடித்து, இரு கைகளாலும் கால்களுக்கிடையே ஊஞ்சல் போல் ஆட்டி, மூன்றாம் வீச்சில் விடுங்கள். கையைக் கண்மட்டத்தில் விட்டால் பை மேலே போகும். முந்தி விட்டால் முன்னே போகும். பழகிய கை 15 மீற்றருக்கு மேல் எறியும். பழகாதவர் ஐந்து மீற்றர் உயரக் கொப்பில் ஒரு வாரம் பழகிவிட்டு அப்பால் போகட்டும்.

பை சிக்கினால் வெட்டி இழுக்க வேண்டாம். முதலில் நூலைத் தளரவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். பை கீழே வந்து நூல் மட்டும் சிக்கியிருந்தால், பையைக் கழற்றிவிட்டு வெறும் நூலை இழுங்கள். நூலைக் கையில் சுற்றி இழுப்பது விரலை இழக்கும் வழி; ஒரு தடியில் சுற்றிப் பிடியுங்கள்.

எறியக்கூடாத இடங்கள்

மின்கம்பி செல்லும் மரத்தில் எறியவே வேண்டாம். நனைந்த நூல் மின்னைக் கடத்தும். அந்த மரத்தை மின்சாரப் பகுதியினருக்கு அறிவியுங்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியிலோ, அதன் எல்லையிலோ எறிய வேண்டாம். தவறிய பை எங்கே விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. பற்றைக்குள் விழுந்த பையை நூலால் இழுப்பதும் ஆபத்து. அங்கே பொறிக்கம்பி இருக்கலாம். அப்படி விழுந்தால் நூலை அவ்விடத்திலேயே விட்டு, வந்த வழியே திரும்புங்கள். ஒரு பையின் விலை ஒரு காலின் விலை அல்ல.

மரத்தின்கீழ் பிள்ளைகளும் ஆடுமாடும் நிற்காதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். எறிபவரும் உடன் நிற்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும்.

கயிறு ஏறியபின்

எறிநூல் ஆளைத் தாங்கும் கயிறு அல்ல. அதில் எவரும் தொங்கக் கூடாது. ஏறுகயிறு கிடக்கும் கொப்பு உயிருள்ளதாகவும், குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்புள்ளதாகவும், அடிமரத்தை ஒட்டிய கவராகவும் இருக்கட்டும். எவரும் ஏறுமுன் இரண்டு பேர் சேர்ந்து நிலத்தில் நின்றபடி கயிற்றில் பாரம் கொடுத்துப் பாருங்கள். கொப்பு முறிவதானால் அப்போதே முறியட்டும். இடுப்புவாரும், பழகியவரின் பயிற்சியும் இல்லாமல் கயிற்றை மட்டும் நம்பி ஏறுவது முறையல்ல.

ஏறாதவர்களுக்கும் இது உதவும். தறிக்கும் கொப்பு கூரைப்பக்கம் விழாதிருக்க ஓர் இழுகயிறு தேவை. அதை ஏறாமலே நூலால் மேலே அனுப்பலாம். இழுப்பவர்கள் மரத்தின் உயரத்துக்குக் கூடிய தூரத்தில் நிற்க வேண்டும். பலாவையோ பெண்பனையையோ முழுதாகத் தறிப்பதானால் அனுமதி தேவை. கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள்.

ஒவ்வொரு குடும்பமும் இவற்றை வாங்க வேண்டியதில்லை. ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு இரண்டு பை, இரண்டு நூல், இரண்டு தலைக்கவசம், ஒரு நல்ல கயிறு இருந்தால் போதும். அவற்றைப் பொறுப்பேற்று, ஒவ்வொரு முறையும் தையலையும் நூலையும் சோதித்துக் கொடுக்க ஒருவரை நியமியுங்கள். கூலிக்கு ஏறுபவரிடம், "நூல் போட்டுக் கயிற்றோடு ஏறு தம்பி, நேரம் போனாலும் பரவாயில்லை" என்று வளவுக்காரர் சொல்லட்டும். அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கவும் மனம் வரட்டும்.