10-க்கு 10 அறையிலும் போடலாம் படிப்பு மேஜை! இடத்தை அடைக்காமல் செய்வது எப்படி?

முட்டுக்காடு:-

கிழக்கு கடற்கரை சாலையில் முட்டுக்காடு படகு குழாம் பக்கம் போனால் இரண்டு விதமான வீடுகள் கண்ணில் படும். ஒன்று, பெரிய காம்பவுண்டு போட்ட பங்களாக்கள். இன்னொன்று, மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும் குடியிருக்கும் சின்னஞ்சிறு வீடுகள்.

இந்த இரண்டாவது வகை வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதும்? கட்டில் ஓரம், வாசற்படி, இல்லாவிட்டால் தரையில் குப்புறப்படுத்து!

"மேஜை வாங்கிடலாம்... அதை எங்க போடுறது?" என்று கேட்காத தாய்மார்கள் இல்லை. நியாயமான கேள்விதான்.

ஒரு ஆள் படுக்கும் இடம்

கணக்கு போட்டு பார்த்தால் விஷயம் புரியும். கடையில் கிடைக்கும் சாதாரண மேஜை 4 அடி நீளம், 2 அடி அகலம். நாற்காலியை பின்னால் இழுத்து உட்கார இன்னும் 3 அடி வேண்டும். மொத்தம் 20 சதுர அடி காலி. 10-க்கு 10 அறையில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு! ராத்திரி ஒருத்தர் பாய் விரித்து படுக்க 15 சதுர அடி போதும். மேஜையா, ஆள் படுக்கையா என்றால் எந்த வீட்டிலும் படுக்கைதான் ஜெயிக்கும்.

அரசு வீடுகளும் பெரிசு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு பிறகு தமிழக கடலோரத்தில் கட்டிய வீடுகள் பெரும்பாலும் 300 முதல் 325 சதுர அடிதான். 2011-ல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. இதற்குள்தான் ஹால், சமையல், படுக்கை எல்லாம். சுனாமி வீட்டுக்கு கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். கல்யாணமாகி அதே வீட்டில் இன்னொரு குடும்பம் என்றால் படிக்கிற சின்னப் பிள்ளைக்கு மூலை கூட மிஞ்சாது.

முதுகும் கண்ணும்

குப்புறப்படுத்து எழுதினால் உடம்பு பாரம் முழுக்க முழங்கையில் விழும். கழுத்து மேலே நிமிர்ந்தபடியே நிற்கும். நோட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு ஜாண் கூட இருக்காது. குறைந்தது ஒன்றே கால் அடியாவது இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தோள் வலிக்கும், எழுத்து கோணும், பிள்ளை எழுந்து ஓடிவிடும். அதைப் பார்த்து "படிப்புல அக்கறை இல்ல" என்று திட்டு வேறு!

தாத்தா காலத்து யோசனை

அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளைகள் நாற்காலி தேடவில்லை. தரையில் சம்மணம் போட்டு, முன்னால் சாய்வான மூடி வைத்த குட்டை பெட்டியில் கணக்கு எழுதினார்கள். மூடி சாய்ந்திருப்பதால் ஏடு கண்ணை நோக்கி நிமிர்ந்து வரும். முதுகு வளைய வேண்டாம். பெட்டிக்குள்ளேயே பேனா, மை, கணக்குப் புத்தகம். வேலை முடிந்தால் தூக்கி ஓரம் வைத்துவிடலாம். ஒரே பொருளில் மேஜையும் அலமாரியும்!

சின்ன வீட்டுக்கு இதுதான் தோதான வழி. நாற்காலியை விட்டுவிட்டாலே பாதி இடம் மிச்சம்.

அளவு எடுப்பது எப்படி?

பிள்ளையை சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள். கையை தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையில் இருந்து முழங்கை வரை எத்தனை அங்குலமோ, அதைவிட 1 அல்லது 2 அங்குலம் கூட்டினால் அதுதான் மேஜை உயரம். தொடக்கப்பள்ளி பிள்ளைக்கு பெரும்பாலும் 9, 10 அங்குலத்தில் நிற்கும். முழங்கால் கீழே இடிக்கக்கூடாது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேல் பலகை 24 அங்குலம் நீளம், 16 அங்குலம் அகலம் இருந்தால் பாடப்புத்தகமும் நோட்டும் ஒன்றாக வைக்கலாம். பின்பக்கம் 3 அங்குலம் தூக்கி இருக்கட்டும். பென்சில் உருளாமல் இருக்க முன் ஓரத்தில் ஒரு மெல்லிய ரீப்பர். அவ்வளவுதான்.

8-க்கு 4 பிளைவுட் ஷீட் ஒன்றில் இந்த அளவில் 12 பலகை கிடைக்கும். தெருவில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஷீட் வாங்கி ஒரே தச்சரிடம் கொடுத்தால் செலவு வெகுவாக குறையும்.

சுவரில் மடக்கும் பலகை

கல் சுவர் வீடு என்றால் இன்னொரு வழி உண்டு. சுவரில் ஒரு நீள ரீப்பர் அடித்து, அதில் கீல் போட்டு பலகையை மாட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சங்கிலி. படிக்கும்போது இறக்கலாம், முடிந்ததும் தூக்கி தாழ்ப்பாள் போடலாம். மடக்கினால் சுவரில் இரண்டு அங்குலம்தான் நிற்கும். ஹாலோ பிளாக் சுவரில் ஒரே இடத்தில் பாரம் விழக்கூடாது. ரீப்பர் நீளமாக இருந்தால் நாலைந்து ஸ்க்ரூ பாரத்தை பங்கு போட்டுக்கொள்ளும்.

முட்டுக்காடு, கோவளம் பக்கம் உப்புக்காற்று ஜாஸ்தி. இரும்பு கீல் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை கீல் போடுவதே நல்லது. விலை குறைவு என்று பார்ட்டிகிள் போர்டு வாங்கினால் ஈரத்தில் ஊதி உதிர்ந்துவிடும்.

ஓலைக் குடிசையில் சுவரை நம்ப முடியாது. அங்கே தூக்கி வைக்கும் குட்டை மேஜைதான் சரி. மழையில் ஒழுகினாலும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டி மேஜை

2014-ல் மும்பையை சேர்ந்த ஆரம்ப் என்ற தொண்டு நிறுவனம் பழைய அட்டைப்பெட்டியில் ஒரு மேஜை கொண்டுவந்தது. அட்டையை கோடு போட்டு வெட்டி மடித்தால் சாய்வு மேஜை. மாற்றி மடித்தால் ஸ்கூல் பை! ஒன்றுக்கு 10 ரூபாய் கூட ஆகவில்லை. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த ஈஷான் சதாசிவன் என்பவர், மேஜையாக விரியும் ஸ்கூல் பையை உருவாக்கினார். தென் ஆப்பிரிக்காவில் மறைந்த பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயரால் மடியில் வைத்து எழுதும் பலகைகள் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன.

அட்டை மழையில் நனைந்தால் வீண்தான். ஆனால் முதலில் அட்டையில் செய்து பார்த்து, பிள்ளைக்கு உயரம் சரியா என்று தெரிந்துகொண்டு, பிறகு மரத்தில் செய்யலாமே!

மரியா மாண்டிசோரி கதை

இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முன்னோடி இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி. ரோம் நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், 1907 ஜனவரி 6-ந் தேதி அடுக்குமாடி குடியிருப்புக்குள்ளேயே ஒரு அறையில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பெற்றோர் வேலைக்கு போனபின் படிக்கட்டில் சுற்றித்திரிந்த குழந்தைகளுக்காக வந்தது அது. குழந்தையே தூக்கி வைக்கிற அளவுக்கு லேசான குட்டி மேஜை, நாற்காலிகளை செய்ய வைத்தார். 1939-ல் இவர் நம்ம சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்கு பயிற்சி கொடுத்தார்.

அவர் சொன்னது எளிய விஷயம்: பொருளுக்கு ஏற்ப பிள்ளை வளையக்கூடாது, பிள்ளைக்கு ஏற்ப பொருள் இருக்க வேண்டும்.

முட்டுக்காட்டிலேயே 2005 முதல் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை நிமிர்ந்து உட்கார தனி நாற்காலி தேவைப்படும். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தச்சரிடம் போகும் முன் இப்படிப்பட்ட நிறுவனத்தில் காட்டி ஆலோசனை கேட்பது அவசியம்.

மேஜை மட்டும் போதாது

விளக்கு பிள்ளையின் முதுகுக்கு பின்னால் இருந்தால் நிழல் நோட்டில் விழும். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடது பக்கம் வெளிச்சம் வர வேண்டும். டி.வி.க்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். சீரியல் நேரத்தில் ஒரு மணி நேரம் சத்தத்தை குறைத்தால் அதுவே பெரிய உதவி.

இன்னொன்று, பெண் பிள்ளை படிக்க உட்கார்ந்ததும் தண்ணி பிடிக்க, தம்பியை தூக்க என்று கூப்பிடுவது பல வீட்டில் வழக்கம். மேஜை விரித்திருந்தால் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். அந்த குட்டை மேஜை அவளுக்கு இடத்தோடு நேரத்தையும் வாங்கித் தரும்.

வீட்டில் அதற்கும் வழி இல்லை என்றால், சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் சமுதாய கூடத்தை தேர்வு நேரத்திலாவது திறந்துவிடச் சொல்லி கிராம சபை கூட்டத்தில் மனு கொடுக்கலாம். நாலு விளக்கு, பத்து குட்டை மேஜை இருந்தால் போதும். ஒரு தெருவே படிக்கும்!