பளபளப்பும் ஒரு மணல் துகளும்

கார்ப் பட்டறைகளில் சுழலும் கருவியின் முனையில் வட்டமான நுரைப்பஞ்சு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதைப் ‘பஃபிங் பேடு’ என்பார்கள். பாலிஷ் தடவி அதனால் தேய்த்தால் மங்கிய கார் மின்னுகிறது. ஆனால், கழுவாத பேடு அதே காரைக் கீறியும் விடுகிறது. ஏன்?

பாலிஷ்கள் பலவற்றிலுள்ள அலுமினியம் ஆக்சைடின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 9. மணலிலுள்ள குவார்ட்சுக்கு 7 தான். அப்படியானால் மணல் சாதுவா? இல்லை. இங்கே துகளின் பருமனே முக்கியம். மெருகேற்றும் பாலிஷின் துகள் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் கீறல் கண்ணுக்குப் புலப்படாது. மணல் துகளோ 100 மைக்ரானுக்கு மேலும் இருக்கும். அதன் கீறல் ஒளியைச் சிதறடிக்கும். காரின் வண்ணத்தின் மேலுள்ள நிறமற்ற பூச்சின் தடிமன் சுமார் 50 மைக்ரான்தான். கீறலைப் போக்க அந்தப் பூச்சையே தேய்த்துக் குறைக்க வேண்டும். தேய்ந்தது மீண்டும் வளராது.

இன்னொரு தீங்கும் உண்டு. காய்ந்த பாலிஷ் பஞ்சின் துளைகளை அடைத்தால் உராய்வு வெப்பம் மிகும். நுரைப்பஞ்சு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே சூடு பூச்சிலேயே தங்கும்.

எனவே, வேலை முடிந்ததும், பாலிஷ் காயுமுன், சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பேடை அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும். முறுக்கினால் பின்புறம் ஒட்டிய பட்டை பிரியக்கூடும். தேய்க்கும் பக்கம் கீழே இருக்குமாறு கம்பிவலைமேல் வைத்து நிழலில் உலர்த்தினால் நீர் பசையில் தங்காமல் வடியும். உலர்ந்ததை மூடிய பெட்டியில் வைக்கலாம். தரையில் விழுந்த பேடைக் கழுவாமல் தொடவே கூடாது.

உங்கள் சைக்கிளைத் துடைக்கும் துணிக்கும் இதே விதிதான். அதை ஒரு வெள்ளைத் தாளின்மேல் உதறிப் பாருங்கள்!