கல்கத்தா நிலக்கீழ் ரயில் பாதை - ஒரு நோக்கு

இந்தியாவின் முதலாவது நிலக்கீழ் ரயில் பாதை கல்கத்தாவில் 1984 ஒக்ரோபர் 24 ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. எஸ்பிளனேட் முதல் பவானிப்பூர் வரை 3.4 கிலோமீற்றர், நிலையங்கள் ஐந்து. அடிக்கல் நாட்டப்பட்டதோ 1972 டிசெம்பர் 29 இல். டம்டம் முதல் டொலிகஞ்ச் வரையான 16.45 கிலோமீற்றரும் தொடர்ச்சியாக இயங்குவதற்கு 1995 செப்ரெம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இக்காலத் தாழ்ச்சியை நிர்வாகத் திறமையின்மை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுவோர் உளர். அக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயினும் எத்தகைய நிலத்தில், எம்முறையைக் கையாண்டு, எவர் வாழ்வைக் கிளறி இப்பாதை அமைக்கப்பட்டது என்பதை ஆராயாது அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது என்பதே எமது கருத்து. (நகரின் பெயர் 2001 இல் கொல்கத்தா என மாற்றப்பட்டது, முந்திய காலத்தைப் பேசுமிடத்துப் பழைய பெயரையே ஆளுகின்றோம்.)

மேற்கே ஹூக்ளி நதியும் கிழக்கே சதுப்பு நிலமும் நெருக்க, இந்நகர் வடக்குத் தெற்காகவே நீண்டு வளர்ந்தது. 1947 இன் பிரிவினையை அடுத்துக் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் நகரின் தென்புறத்தும் வடபுறத்தும் குடியேறினர். நகரின் பரப்பில் வீதிகளுக்கென இருந்தது 4.2 சதவீதமே என்பது மெற்றோ நிர்வாகம் தரும் கணக்கு. வீதியை அகலமாக்க இடமில்லாதபோது நிலத்தின் கீழ்ச் செல்வதைத் தவிர வேறு வழி அரிது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் 1949 இலேயே இதனை எண்ணிப் பிரெஞ்சு நிபுணரைக் கொண்டு ஆய்வு செய்வித்தார். அது ஏட்டளவில் நின்றது. 1969 இல் இந்திய ரயில்வே இதற்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவியது. சோவியத் நிபுணரினதும் கிழக்கு ஜேர்மன் பொறியியலாளரினதும் துணையுடன் 1971 இல் உருவான பெருந்திட்டம் ஐந்து பாதைகளை, ஏறத்தாழ 97.5 கிலோமீற்றரை, முன்வைத்தது. முதலிற் கைக்கொள்ளப்பட்டது வடக்குத் தெற்குப் பாதை ஒன்றே.

கல்கத்தாவின் அடிநிலம் ஆறு கொணர்ந்து சேர்த்த மென்களி. நிலநீரோ மேற்பரப்பை அண்மித்தே இருப்பது. எனவே பாதையின் மிகப் பெரும்பகுதிக்கு 'வெட்டி மூடும்' முறை கையாளப்பட்டது. வீதியின் இருமருங்கும் ஒடுங்கிய ஆழ்பள்ளங்கள் தோண்டப்படும். பள்ளம் சரியாதிருக்கப் பெந்தொனைற்றுக் களிக்குழம்பு நிரப்பப்படும். அக்குழம்பை மேலே தள்ளிக்கொண்டு அடியிலிருந்து கொங்கிறீற்று ஏறிச் சுவராகும். பின்னர் இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட மண்ணை அகற்றி, உருக்குத் தாங்கிகளை முட்டுக்கொடுத்து, தளமும் கூரையும் இட்டு மேலே மண் நிரப்பி வீதியை மீள அமைப்பர். விளக்குதற்கு எளியது, செய்தற்கு அரியது. வீதியின் கீழ்க் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கம்பி என ஒரு நூற்றாண்டின் நகரமே புதைந்து கிடந்தது. அவை ஒவ்வொன்றையும் இடம்பெயர்க்க வேண்டியிருந்தது. சௌரங்கியும் சித்தரஞ்சன் அவெனியூவும் ஆண்டுக்கணக்கில் அகழிகளாயின. வாசலில் அகழி கிடக்கக் கடை நடத்தியவனும், மழைக்காலச் சேற்றில் வேலைக்கு நடந்தவனும் செலுத்திய விலை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் பதிவாகவில்லை.

வடக்கே பெல்கச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் இடையில் ரயில் முற்றமும் கால்வாயும் குறுக்கிட்டமையால் அங்கு மட்டும் கேடயம் கொண்டு, அமுக்கப்பட்ட காற்றின் உதவியுடன், சுரங்கம் குடையப்பட்டது.

1977-78 வரை போதிய நிதி கிடைக்கவில்லை. நீதிமன்றத் தடையுத்தரவுகளும் மூலப்பொருள் தட்டுப்பாடும் வேறு. துண்டு துண்டாகப் பாதை திறக்கப்பட்டமையின் விளைவை ஓர் எடுத்துக்காட்டு உணர்த்தும். 1984 நவம்பரில் திறக்கப்பட்ட டம்டம் - பெல்கச்சியாத் துண்டு ஏனைய பகுதியோடு இணையாது தனித்து நின்றது. பயணிகளை ஈர்க்காமையால் 1992 இல் அதன் சேவை நிறுத்தப்பட்டது. இரண்டு கிலோமீற்றர் செல்வதற்காகப் படியிறங்கி ஏறுவார் யார்?

எனினும் இப்பாதை பெரும்பாலும் உள்நாட்டு உழைப்பின் விளைவு என்பது மனங்கொள்ளத்தக்கது. பெட்டிகள் சென்னை பெரம்பூர்த் தொழிற்சாலையில் அமைக்கப்பட்டன. மின்கருவிகள் பெங்களூரில் ஆயின. 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை; மூன்றாம் தண்டவாளத்தின் வழி 750 வோல்ற் நேர்மின்னோட்டம். (புகையே இல்லாத இவ்வூர்தியையும் எம்மவர் புகையிரதம் என்றே வழங்குவர், சொல் பொருளை விட நீண்ட ஆயுள் உடையது போலும்.) தொடக்கத்திற் பெட்டிகளுக்குக் குளிரூட்டல் இல்லை, கழுவிக் குளிர்விக்கப்பட்ட காற்றே சுரங்கத்துட் செலுத்தப்பட்டது. அத்தகைய பெட்டிகள் 2021 ஒக்ரோபர் 24 இல், முதற் சேவையின் முப்பத்தேழாம் ஆண்டு நிறைவன்று, ஓய்வுபெற்றன. ரவீந்திர சதன் நிலையச் சுவர்களில் தாகூரின் கையெழுத்துப் படிகள் பெரிதாக்கித் தீட்டப்பட்டுள்ளன. வேலைக்கு விரைபவன் அவற்றை நின்று படிப்பானோ என்பது ஐயமே. ஆயினும் அவன் கண்ணில் விளம்பரத்துக்குப் பதிலாகக் கவிஞன் எழுத்துப் படுவது சிறு பேறன்று.

இப்பாதை ரயில்வேயின் நேரடி உடைமையாகவே நிலைத்தது. 2010 இல் அதன் பதினேழாம் வலயமாக உயர்த்தப்பட்டது. இந்திய நகர மெற்றோக்களுள் மிகக் குறைந்த கட்டணம் அறவிடுபவற்றுள் இதுவும் ஒன்றாயிருப்பதற்கு இவ்வுடைமை முறையே முதற்காரணம் எனக் கருதுகின்றோம்.

பின்னர் எழுந்த கிழக்கு மேற்குப் பாதை ஹூக்ளியின் அடியாகச் சென்று 2024 மார்ச்சில் ஹௌராவை எஸ்பிளனேட்டுடன் இணைத்தது. இம்முறை வீதி வெட்டப்படவில்லை; இயந்திரங்கள் ஆழத்திற் குடைந்தன. தொழில்நுட்பம் முன்னேறினமையால் மேலே வாழ்வோர் துன்பம் நீங்கிற்று என எண்ணுவது இயல்பு. ஆனால் 2019 ஓகஸ்ட் 31 இல் பௌபஜாரின் கீழ்ச் சென்ற இயந்திரம் நீர்ப்படுகையொன்றைத் தொட்டது. நீரும் மணலும் சுரங்கத்துட் பாய, பொற்கொல்லர் பட்டறைகள் மலிந்த அப்பகுதியில் வீடுகள் வெடித்தும் இடிந்தும் வீழ்ந்தன, நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். 2022 இல் இருமுறை மீண்டும் வெடிப்புகள் தோன்றின. எஸ்பிளனேட்டுக்கும் சியால்டாவுக்கும் இடைப்பட்ட அத்துண்டு 2025 ஓகஸ்ட் 22 இல் திறக்கப்பட்டபோது, வீடிழந்தோர் பலர் இன்னும் தம் இடத்துக்கு மீண்டிருக்கவில்லை.