கடைப்பையன் மேனேஜர் ஆகும்போது

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் மளிகைக் கடை மேனேஜர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. மூட்டை இறக்கி, பொட்டலம் மடித்து, பில் போடப் பழகிய பையனிடம் ஒருநாள் முதலாளி சாவியைக் கொடுக்கிறார். அல்லது படிப்பை முடித்த மகன் கல்லாவில் அமர்கிறார். சரக்கைப் பழகிக்கொள்ளலாம். ஆட்களை நடத்தும் முறையை இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

புதிய பொறுப்பாளர் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வது. அவர் ஒருநாள் லீவு எடுத்தால் கடை தடுமாறும். மற்றொன்று, நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களை வாடிக்கையாளர் முன்னிலையில் அதட்டுவது. நல்ல ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் முகத்துக்காக வந்த வாடிக்கையும் பின்னாலேயே போகும்.

பழக்கும் முறை

1. வேலையை முதலில் செய்து காட்டவும்.
2. பிறகு அவரைச் செய்யவிட்டு அருகில் நிற்கவும். கையிலிருந்து பிடுங்க வேண்டாம்.
3. பிழையை அன்றே, தனியே அழைத்துச் சொல்லவும். "அடுத்த முறை எப்படிச் செய்வாய்?" என்று அவர் வாயாலேயே வரவழைக்கவும்.
4. சரியாகச் செய்ததை நாலு பேர் அறியச் சொல்லவும்.

மாற்றம் வரும்போது

2007 ஜனவரி 1-இல் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், நெய், வெண்ணெய்க்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. வரிக்கு முன் 100 ரூபாய் பெறும் சோப்பு 118-லிருந்து 105 ரூபாய்க்கு வரவேண்டும். பில் போடுபவர் பழைய வரியிலேயே போட்டால் 13 ரூபாய் வித்தியாசம். மலைத் தோட்டத்துக்கு வாரச் சாமான் வாங்கிச் செல்லும் குடும்பம் அதை மறக்காது.

இத்தகைய நாளுக்கு முன்பே ஆட்களை உட்காரவைத்து, மாற்றம் ஏன் என்று சொல்லவேண்டும். மூத்த கணக்கர் "இது சரிப்படாது" என்றால் கோபிக்க வேண்டாம். பழைய சரக்கில் அச்சிட்ட விலையை என்ன செய்வது என்பது போன்ற நியாயமான கேள்வி அதில் இருக்கும். முதல் நாள் இரவே பத்துச் சரக்குக்கு பில் போட்டுப் பார்க்கவும். முதல் வாரம் கடை சாத்தும் முன் பத்து நிமிடம் பேசவும். தீபாவளி நெருக்கத்தில் நாமாக வேறு மாற்றத்தைச் சேர்க்க வேண்டாம்.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். கடன் எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று மேனேஜருக்கு வரம்பு சொல்லிவிடுங்கள். அதற்குள் அவர் சொன்னதை ஆட்கள் எதிரில் மாற்றாதீர்கள். மாற்றினால் மறுநாள் முதல் எல்லோரும் உங்களிடமே வருவார்கள். சாவி கொடுத்தும் பயன் இராது.