அராபாரிக் காடும் கரியமில வாயுவும்

கரக்பூரில் ரயில்வே உத்தியோகத்தை முன்னிட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கிருந்து வடக்கே, மேதினிபூர் நகரைக் கடந்து செல்லும் நேயர்கள், செம்மண் நிலத்தில் சால மரங்கள் அடர்ந்து நிற்பதைக் கண்டிருப்பர். அக்காட்டின் ஒரு பகுதிக்கு அராபாரி என்று பெயர். ஐம்பது ஆண்டுகட்கு முன்னர் அங்கே பெரும்பாலும் வெட்டுண்ட அடிக்கட்டைகளே எஞ்சியிருந்தன என்றால் நம்புதல் அரிது.

காடு அழிவதற்கும் உலகம் வெப்பமடைவதற்கும் என்ன தொடர்பு? மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகளால் உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தன் உடலாக மாற்றிக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. அத்தகைய மரம் ஒரு டன் எரிந்துபோனால் ஏறக்குறைய 1.8 டன் கரியமில வாயு வானிற் கலக்கும். மரத்தைவிட வாயுவின் எடை மிகுவது எங்ஙனம் எனில், எரியும்போது கரி பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. வெப்ப மண்டலக் காடுகளைக் காக்குமாறு அறிஞர் வற்புறுத்துவது இதனாலேயே.

ஆனால் காவலாளியை நிறுத்திக் காட்டைக் காத்துவிடலாம் என்பது பகற்கனவு. அராபாரியைச் சுற்றியிருந்த ஏழைகளுக்குத் தலைச்சுமை விறகு விற்றால்தான் அன்று உலை கொதிக்கும். அவர்களைத் திருடர் என்று பிடிப்பதிற் பயனில்லை என உணர்ந்தவர் அஜித் குமார் பானர்ஜி என்னும் வன அதிகாரி. 1972-இல் அவர் 11 சிற்றூர்களைச் சேர்ந்த 618 குடும்பங்களுடன் ஓர் ஏற்பாட்டிற்கு வந்தார். 1,272 ஹெக்டேர் காட்டை மக்கள் காத்தல் வேண்டும். காட்டு வேலைக்குக் கூலி உண்டு. சுள்ளி, இலை, காளான் முதலியவற்றை எடுத்துக்கொள்ளலாம். மரம் விற்பனையாகும்போது நிகர வருவாயில் நூற்றுக்கு 25 பங்கு அவர்களுடையது.

சால மரத்தின் இயல்பும் துணைநின்றது. அடிக்கட்டையின் வேர் உயிரோடிருப்பின் அது தானே துளிர்க்கும். ஆடுமாடு மேயாமலும் தீப் பரவாமலும் சில ஆண்டுகள் காத்து, பல துளிர்களுள் நேரான ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்தால் அவை விரைந்து உயரும். பழைய வேரின் வலிமை புதுக் கன்றுக்கு ஏது? மரம் தழைத்தபின், நம் பக்கத்தில் தையல் இலை தைப்பது போலவே, அங்குள்ள பெண்டிரும் சால இலைகளைத் தைத்து விற்கலாயினர். மரம் நின்றால் இவ்வருவாய் ஆண்டுதோறும் உண்டு. வெட்டிய விறகுக்கோ ஒரு நாள் விலைதான்.

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மக்கள் பங்கேற்பை ஏற்றது. 1990-இல் மத்திய அரசு இம்முறையைப் பிற மாநிலங்கட்கும் பரிந்துரைத்தது. 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாகக் காடுகளிலும் மரங்களிலும் சேர்ப்பதாக இந்தியா 2015-இல் உறுதியளித்தது. எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். குறுகிய காலத்திற்கு ஒருமுறை வெட்டப்படும் துளிர்க்காடு, முதிர்ந்த காட்டின் அளவு கரியைச் சேமிப்பதில்லை. வெட்டும் கழிகள் அடுப்பிற்குப் போனால் கரி மீண்டும் வானையே அடையும். வீட்டு உத்தரமாயின் நெடுங்காலம் அங்கேயே தங்கும்.

மற்றொரு விளைவை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அப்பகுதிக் காடுகள் தழைத்ததும், 1980-களின் பிற்பகுதியிலிருந்து தல்மா மலை யானைகள் கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கின. நெல் முற்றும் பருவத்தில் இரவெல்லாம் தீப்பந்தம் ஏந்தி வயலைக் காப்பதும் இன்று அதே குடியானவர்களின் வேலையாகிவிட்டது.